வட்ட வால் வஞ்சிரம்

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருகிற பிள்ளைகள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "அங்கிள், அது என்ன மீனு?"

கேட்டுக்கு உள்ளே, வேப்பமரத்துக்குப் பக்கத்தில், ஒரு குழாயின் மேல் ஆள் நீளத்துக்கு இரும்பு மீன் ஒன்று நிற்கிறது. அதன் வாலில் எப்போதும் ஒரு கட்டுக் கிளுவைத் தழை தொங்கும். எங்கள் ஆடுகள் இரண்டும் முன்னங்காலை மீன் வயிற்றில் தூக்கி வைத்துக்கொண்டு அதைத் தின்னும். நான் பதில் சொல்வதற்குள் என் மகள் முந்திக்கொண்டு, "அது மீனு இல்ல. எங்கப்பா சொன்ன பொய்யி" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். வந்த பிள்ளை என்னை ஒரு மாதிரி பார்க்கும். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. அதனால்தான் எழுதி வைக்கிறேன். நான் பத்தாவது வரைதான் படித்தேன். தப்பு இருந்தால் உங்கள் டீச்சரிடம் காட்டாமல் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

நான் இரும்பு வேலை செய்கிறவன். திருமயத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட பட்டறை. கேட், ஜன்னல் கம்பி, அரிவாள், கோடரி எல்லாம் செய்வேன். ஆனால் என் ஆசை வேறு. ஜன்னல் கம்பி கேட்டால் அதில் ஒரு கொடியைப் படர விடுவேன். தாழ்ப்பாள் கேட்டால் அதன் மேல் ஓர் ஓணானை உட்கார வைப்பேன். "ஓணான் எதுக்குங்க?" என்று கேட்பார்கள். "சும்மா இருக்கட்டுங்க" என்பேன். ஒரு வீட்டில் விடியற்காலை கதவைத் திறக்க வந்த மாமியார் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டு மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாராம். அந்த ஓணானை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு வந்தேன்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அது எப்படி என்று தெரிந்தால்தான் நான் சொன்ன பொய்யின் அளவு உங்களுக்குப் புரியும். உலையில் சிவக்கக் காய்ந்த இரும்பைக் குறட்டால் பிடித்து, பட்டடை என்கிற கனத்த இரும்புத் திண்டின் மேல் ஒருவர் வைப்பார். அவருடைய இடது கையில் குறடு, வலது கையில் சின்னச் சுத்தியல். எந்த இடத்தில் அடி விழ வேண்டுமோ அந்த இடத்தில் சின்னச் சுத்தியலால் 'டிங்' என்று தட்டுவார். எதிரில் நிற்கிறவர் சம்மட்டியைத் தூக்கி அதே இடத்தில் 'தொம்' என்று போடுவார். டிங், தொம். டிங், தொம். சின்னச் சுத்தியலைப் படுக்கப் போட்டால் 'போதும், நிறுத்து' என்று அர்த்தம். உலைக்குக் காற்று ஊதுகிற ப்ளோயர் இரைச்சலில் பேச்சு கேட்காது. எல்லாப் பேச்சும் சுத்தியலிலேயே முடிந்துவிடும்.

சின்னச் சுத்தியல் என் கையில். சம்மட்டி என் மனைவி கையில். கல்யாணம் ஆன மறு மாதத்திலிருந்து பதினோரு வருஷமாக அவள்தான் போட்டுவந்தாள்.

இன்னொரு விஷயமும் உண்டு. அது அப்போது எனக்கே தெரியாது. நான் தட்டுகிற இடம் தப்பாக இருந்தால் அவள் அந்த இடத்தில் போட மாட்டாள். ஒரு விரல்கடை தள்ளி, சரியான இடத்தில் போட்டுவிடுவாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். இரும்பு அழகாக வளையும். நான் சுத்தியலைப் படுக்கப் போட்டுவிட்டு, நம் கண்ணுக்கு என்ன ஒரு அளவு என்று என்னையே மெச்சிக்கொள்வேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஒரு விசைப்படகு முதலாளி வந்தார். கடற்கரையிலிருந்து எங்கள் பட்டறையைத் தேடி வந்த முதல் ஆள் அவர்தான். புது வீடு கட்டியிருந்தார். கேட்டுக்கு மேலே ஆள் நீளத்துக்கு ஒரு வஞ்சிரம் மீன் வேண்டும் என்றார். தகரத்தில் வெட்டி ஒட்டுகிற மீன் கூடாது, உலையில் காய்ச்சி அடித்த மீன்தான் வேண்டும் என்றார். பால் காய்ச்ச ஒரு மாதம் இருந்தது. ஓணானை 'சும்மா' என்று சொல்லி உட்கார வைத்துக்கொண்டிருந்தவனிடம், ஒரு மனிதர் கலை வேலை கேட்டு வந்து நிற்கிறார்.

அவர் பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஆசாரி, எத்தன பேரு வேல பாக்குறீங்க?"

போனில் நான் பார்க்கிற வெளிநாட்டு இரும்புக் கலைஞர்கள் எல்லாம் தோல் அங்கியைக் கட்டிக்கொண்டு தனியாகத்தான் நிற்பார்கள். கலைஞன் என்றால் தனி ஆள் என்று எனக்குள் ஒரு நினைப்பு விழுந்திருந்தது.

"நான் ஒருத்தன்தாண்ணே. தனி ஆளு."

"சம்மட்டி?"

"அதுவும் நாந்தாண்ணே."

"குறட்டப் புடிச்சுக்கிட்டேவா? மொத்தம் மூணு கையில்ல வேணும்?"

"பழக்கம்ணே" என்றேன்.

அந்த நேரம் பார்த்து என் மனைவி மோர் கொண்டுவந்தாள். அவர் டம்ளரை வாங்கும்போது அவள் உள்ளங்கையைப் பார்த்துவிட்டார். "என்ன தங்கச்சி, கை இப்புடிக் காச்சுப் போயிருக்கு? எங்க ஊருல வலை இழுக்குறவன் கை மாதிரியில்ல இருக்கு."

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஆட்டுக்குத் தழை ஒடிக்கும்ணே."

அவர் வாசலைப் பார்த்தார். கொல்லையைப் பார்த்தார். எங்கள் வீட்டில் அப்போது ஆடு கிடையாது. ஒரு ஆட்டுப் புழுக்கைகூடக் கிடையாது.

என் மனைவி முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "ஆமாண்ணே. ஆடு நெறைய" என்று சொல்லிவிட்டுக் காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பிள்ளைகளே, பொய் சொல்லாதீர்கள் என்று உங்கள் பாடப் புத்தகம் சொல்கிறது. நான் கூடுதலாக ஒன்று சொல்கிறேன். உயிருள்ள பிராணியை வைத்து மட்டும் பொய் சொல்லவே சொல்லாதீர்கள்.

மறுநாள் காலை வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. மணமேல்குடிப் பக்கத்திலிருந்து என் மச்சினன், அதாவது அவள் தம்பி, இரண்டு ஆட்டுக் குட்டிகளை இறக்கினான்.

"என்ன மாப்ள இது?"

"அக்கா போன் பண்ணுச்சு மச்சான். ஆடு இல்லாம வேலை ஓடலையாமுல்ல?"

அவளைப் பார்த்தேன். "நீங்கதானங்க சொன்னீங்க, ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறேன்னு" என்றாள். "ஆடு இல்லாம எப்புடிங்க ஒடிக்கிறது? நாளைக்கு அந்த அண்ணன் வந்து கேட்டா ஒங்க பேரு கெட்டுப் போயிருமுல்ல?"

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். மற்ற வீடுகளில் கோபம் வந்தால் மரியாதை குறையும். என் மனைவிக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரணமாக ஒரு வாக்கியத்துக்கு ஒரு 'ங்க' வரும். அன்றைக்கு நான் எண்ணிய வரைக்கும் நாலு வந்தது.

மீன் வேலையைத் தொடங்கினேன். பட்டறைச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் முழு அளவுக்கு மீனை வரைந்துகொண்டேன். இங்கேதான் இரண்டாவது சங்கடம். நாங்கள் கம்மாய்க் கரை ஆட்கள். எனக்குத் தெரிந்த மீன் விராலும் கெண்டையும்தான். வஞ்சிரத்தை நான் தின்றிருக்கிறேன், ஆனால் வட்ட வட்டத் துண்டாகத்தான் பார்த்திருக்கிறேன். போனில் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பார்த்தேன். வஞ்சிரம் என்று போட்டதும் வறுவல் செய்கிற வீடியோதான் வந்தது. எண்ணெயில் கிடந்ததும் வட்டமாகத்தான் கிடந்தது. இரண்டாவது வீடியோவில் குழம்பு வந்தது. அப்போது பசி வந்துவிட்டதால் போனை வைத்துவிட்டேன். நடு உடம்பு வட்டம் என்று தெரிந்துவிட்டது, தலையும் வாலும் எந்த மீனுக்கும் ஒன்றுதானே என்று விராலின் தலையையும் விராலின் வாலையும் வரைந்து முடித்தேன். தட்டைத் தலை. விசிறி மாதிரி வட்ட வால்.

கடற்கரையில் பிறந்து வளர்ந்த என் மனைவி பக்கத்தில் நின்று அதைப் பார்த்தாள். கண் கொஞ்சம் விரிந்தது.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"ரொம்ப அழகா இருக்குங்க. தனி ஆளு வரைஞ்ச மாதிரியே இருக்குங்க."

லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டைகளைக் காய்ச்சி அடிக்க ஆரம்பித்தோம். அவள் சம்மட்டியை எடுத்துக்கொண்டு எதிரில் நின்றாள்.

"எங்கங்க அடிக்கணும்?"

"என்ன புதுசாக் கேக்குற? தட்டுன எடத்துல அடி."

"தட்டுன எடத்துலயேவா?"

"பின்ன?"

"சரிங்க."

அன்றிலிருந்து அவள் நான் தட்டின இடத்தில்தான் அடித்தாள். ஒரு நூல்கூடத் தள்ளவில்லை. முதுகு எழும்ப வேண்டிய இடத்தில் பள்ளம் விழுந்தது. வால் பக்கம் மெலிந்து செவுள் பக்கம் கட்டி தட்டியது. நான் இரும்பைக் குறை சொன்னேன். கரியைக் குறை சொன்னேன். ப்ளோயரைக் கழற்றி மாட்டினேன். "ரெண்டு நாளா காத்துல ஈரமா இருக்கு" என்று காற்றின் மேலும் ஒரு பழியைப் போட்டேன்.

"ஆமாங்க. ஈரம் ஜாஸ்திதாங்க" என்றாள்.

அதோடு விட்டாளா? இரும்பு நன்றாகச் சிவந்து பட்டடைக்கு வருகிற நேரம் பார்த்து, "செத்த இருங்க, ஆட்டுக்குத் தழை ஒடிக்கணும்" என்று சம்மட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விடுவாள். திரும்பி வரும்போது இரும்பு கறுத்துப் போயிருக்கும். நான் குறட்டோடு நிற்பேன். ஆடு நன்றாகக் கொழுத்தது. மீன் தேறவில்லை.

எப்படியோ மூன்று வாரத்தில் மீனை முடித்து, பாலிஷ் போட்டு, துணியால் மூடி வைத்தேன். படகு முதலாளி வந்தார். துணியை எடுத்தேன்.

மீனைச் சுற்றி வந்தார். குனிந்து முகத்தைப் பார்த்தார். வாலைத் தொட்டார்.

"ஆசாரி, இது கடல்ல பொறந்ததா, கம்மாயில பொறந்ததா?"

"ஏண்ணே?"

"தலை விராலு. வாலு விராலு. நடுவுல என்னமோ எலந்தை வடை மாதிரி இருக்கு. வஞ்சிரத்துக்கு வாலு பிறை நெலா மாதிரி ரெண்டாப் பிரிஞ்சு நிக்கும்யா. பால் காச்ச என் மச்சானுங்க மொத்தப் பேரும் வாராய்ங்க. இத மாட்டுனா என்னைய இனிமே படகுல ஏத்த மாட்டாய்ங்க. மம்பட்டியக் குடுத்துக் கம்மாய்க்குப் போடாம்பாய்ங்க."

அப்புறம் என் மனைவி பக்கம் திரும்பினார். "தங்கச்சிக்கு எந்த ஊரு?"

"மணமேல்குடிக்குப் பக்கம்ணே."

"அடக் கடவுளே. நம்ம கரையா? அப்ப ஒனக்குத் தெரியும்ல? ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

"நான் ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறவதானண்ணே" என்றாள். "இரும்பு வேலையில எனக்கு என்ன தெரியும்?"

சொல்லி வைத்த மாதிரி கொல்லையில் ஆடு கத்தியது.

அவர் ஆட்டைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்க மீசையைத் தடவிக்கொண்டார். "இன்னும் ஒம்பது நாள் கெடக்கு ஆசாரி. வஞ்சிரம் வந்தா மாட்டுவேன். வரலைன்னா கேட்டு மொட்டையாவே நிக்கட்டும். மறுபடி இங்கிட்டு வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் நான் உட்கார்ந்து யோசித்தேன். அதே கரி, அதே உலை, அதே பட்டடை. மாறினது என்ன? நான் தட்டின இடத்திலேயே அவள் அடித்ததுதான் மாறியிருந்தது. அப்படியென்றால் பதினோரு வருஷமாக நான் தட்டின இடத்தில் அவள் அடிக்கவில்லையா? யோசிக்க யோசிக்கக் காது மடல் சூடானது. அந்தப் பழைய அடி திரும்பி வராவிட்டால் ஒன்பது நாள் என்ன, ஒன்பது வருஷம் ஆனாலும் என்னால் அந்த மீனைச் செய்ய முடியாது.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பெரியவர்களுக்கு அது சட்டென்று வராது. சுற்றி வளைத்துத்தான் வரும். பஸ் ஏறிப் புதுக்கோட்டை போய் நாலு முழம் மல்லிகை வாங்கி வந்தேன். அவள் இரண்டு முழம் வைத்துக்கொண்டு, மீதியை ஆளுக்கு ஒரு முழமாக ஆடுகளின் கழுத்தில் கட்டினாள். "அதுகளாலதானங்க எனக்கு இந்த வீட்டுல ஒரு வேலையே" என்றாள். ஆடுகள் ஒன்றின் கழுத்துப் பூவை ஒன்று தின்றன. என் மகள் சிரித்துச் சிரித்துக் கீழே விழுந்தாள்.

மறுநாள் காலை உலையை மூட்டினேன். அவள் சம்மட்டியை எடுக்க வந்தாள். நான் சின்னச் சுத்தியலை எடுத்து, கைப்பிடி அவள் பக்கம் இருக்கும்படி பட்டடையின் மேல் வைத்தேன்.

எங்கள் வீடுகளில் சின்னச் சுத்தியலைப் பெண்கள் கையில் கொடுப்பதில்லை. சம்மட்டி போடலாம், கரி அள்ளலாம், இரும்பு சுமக்கலாம். சின்னச் சுத்தியல் மட்டும் கூடாது. ஆயுத பூஜைக்கு முதல் சந்தனம் அதற்குத்தான். ஏன் கூடாது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அவள் சுத்தியலைத் தொடவில்லை. "என்னங்க இது?"

"நீ தட்டு. நீ தட்டுற எடத்துல நான் அடிக்கிறேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"யாராச்சும் பாத்தா?"

"பாத்தா ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறோம்னு சொல்லிக்கிருவோம்."

மூன்று வாரத்துக்கு அப்புறம் அப்போதுதான் அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரையில் இருந்த என் விராலைக் காலால் தேய்த்து அழித்தாள். சாக்பீஸை எடுத்துப் புது மீனை வரைந்தாள். கை நிற்கவே இல்லை. கூர்மையான முகம், வில் மாதிரி முதுகு, வாலுக்குப் போகிற வழியில் மேலும் கீழும் வரிசையாகச் சின்னச் சின்ன முள், கடைசியில் பிறை வால்.

"இம்புட்டு நாளா இத மனசுலயே வச்சிருந்தியா?"

"நீங்க கேக்கலையே."

வேலை ஆரம்பித்தது. டிங் என்று தட்டினாள். நான் சம்மட்டியைத் தூக்கித் தொம் என்று போட்டேன். டிங், தொம். டிங், தொம். ஒரு இடத்தில் அவள் தட்டினது எனக்குச் சரியாகப் படவில்லை. நாமும் ஒரு விரல்கடை தள்ளிப் போட்டுப் பார்ப்போமே என்று போட்டேன். நிமிர்ந்து பார்த்தாள். "தட்டுன எடத்துல அடிங்க."

"நீ மட்டும் பதினோரு வருஷமா தள்ளித் தள்ளி அடிச்ச?"

"நான் சரியாத் தள்ளுனேன்."

மறுபடி அவள் தட்டின இடத்திலேயே போட்டேன். நாலு கிலோச் சம்மட்டி அரை மணி நேரத்தில் நாற்பது கிலோ ஆகிவிடுகிறது. அவள் சின்னச் சுத்தியலைப் படுக்கப் போடுவாள், போடுவாள் என்று அதையே பார்த்துக்கொண்டு அடித்தேன். படுக்கப் போட்டால்தானே நிறுத்த முடியும்? அவள் போடவே இல்லை. டிங், டிங், டிங். இரும்பு கறுத்தால் உலையில் வைப்பாள், சிவந்தால் எடுப்பாள், மறுபடி டிங். கண்ணில் வேர்வை இறங்கியது.

"போதும்மா, படுக்கப் போடு" என்று நானே வாய்விட்டுச் சொன்னேன்.

"செத்த இருங்க. நீங்க எப்பயும் எம்புட்டு நேரம் கழிச்சுப் போடுவீங்கன்னு எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றாள். இன்னும் பத்து அடி வாங்கிக்கொண்டுதான் சுத்தியலைச் சாய்த்தாள்.

அன்று மதியம் சோற்றைப் பிசைய என் விரல் மடங்கவில்லை. மகள்தான் உருட்டிக் கொடுத்தாள். நான்காம் நாள் என் உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. ஏழாம் நாள் அது உடைந்து காய்த்தது. எட்டாம் நாள் மீன் முடிந்தது. உளியால் விலாவில் நீளப் புள்ளிகளைக் கொத்தியதும் அவள்தான்.

பால் காய்ச்சுகிற அன்று அதிகாலையிலேயே போய் மீனைக் கேட்டுக்கு மேலே ஏற்றி முடுக்கினோம். பக்கத்து ஐஸ் கம்பெனி லாரிகூட நின்று பார்த்துவிட்டுப் போனது. முதலாளியின் மச்சான்கள் கூட்டமாக வந்து அண்ணாந்து நின்றார்கள். மீன் விற்கிற அம்மா ஒருவர், நாற்காலியைப் போட்டு ஏறி, இரும்புச் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னக்கிப் புடிச்சது மாதிரியில்ல இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அப்போது முதலாளி எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் குரலை ஏற்றினார். "ஆசாரி, இதச் செஞ்சது யாரு?"

ஒரு நொடி, சத்தியமாக ஒரே ஒரு நொடி, 'நான்தாண்ணே' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. கடல் பக்கம் பார்த்துக்கொண்டு, காய்த்துப் போன உள்ளங்கையை மெதுவாக என் பக்கம் விரித்துக் காட்டினாள்.

"இவதாண்ணே செஞ்சா" என்றேன். "நான் சம்மட்டி போட்டேன்."

மச்சான்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி என் கையைப் பிடித்துத் திருப்பிக் கொப்புளத் தழும்பைப் பார்த்தார்.

"அப்ப ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறது?"

"இனிமே அதுவும் நாந்தாண்ணே."

இவ்வளவுதான் கதை. வட்ட வால் மீனை உடைத்து உலையில் போடலாம் என்றுதான் இருந்தேன். அவள் விடவில்லை. அவளே குழாய் நட்டு வாசலில் நிறுத்தினாள். தழைக்கட்டு மாட்ட வட்ட வால்தான் வசதியாம், பிறை வாலாக இருந்தால் நழுவிவிடுமாம். இப்போது எங்கள் பட்டறையில் நீரில் இருக்கிற பிராணி எது கேட்டாலும் சின்னச் சுத்தியல் அவள் கையில். தரையில் ஊர்வது எது கேட்டாலும் என் கையில். ஓணான் கேட்டு இதுவரை ஒருவரும் வரவில்லை. நண்டும் இறாலும் கேட்டுக் கடற்கரையிலிருந்து நாலு பேர் வந்துவிட்டார்கள்.

எழுதி முடித்து அவளிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "இன்னும் பத்து அடின்னு எழுதியிருக்கீங்க, இருவது" என்றாள். இருபது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.